ஏணை கட்டிய வள்ளம்

இரண்டாவது உலக யுத்தக் காலத்தில், திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட அந்த வாரத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் சல்லியில் இருந்தோம். பட்டினத்துக்கு வடக்கே கடலோடு ஒட்டிய சின்ன ஊர். என் கணவரும் அவருடைய தமையனும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். எனக்கு மூன்று வயதில் ஒரு மகள், நாலு மாதத்தில் ஒரு மகன். இப்போது எனக்கு எழுபது கடந்துவிட்டது. காலையில் என்ன கறி வைத்தேன் என்பதே மத்தியானம் மறந்துபோகிறது. அந்தப் பின்னேரம் மட்டும் மறக்கவில்லை.

குண்டு விழுந்தது துறைமுகப் பக்கத்தில்தான். ஆனால் எங்கள் கூரையில் இருந்த தூசியெல்லாம் உலைப்பானைக்குள் கொட்டியது. எண்ணெய்த் தாங்கி எரிந்த கரும்புகை நாள்கணக்கில் தெற்கே நின்றது. சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தது. கணவரின் தமையனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அத்தானின் மனைவி பிள்ளைகளோடு முதலே குச்சவெளிக்கு, தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். நாங்களும் அங்கேதான் போக வேண்டும். மாட்டுவண்டி ஒன்றும் அகப்படவில்லை. ரோட்டில் பட்டாள லொறிகள். கைக்குழந்தையையும் தூக்கி, மூன்று வயதுப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு நடந்தால் எப்போது போய்ச் சேருவது?

“வள்ளம் கிடக்கு, பாய் கிடக்கு. பிறகென்னத்துக்கு நடக்கிறது?” என்றார் என் கணவர்.

சொல்வது சுகம். எங்கள் ஊரில் தொழில் வள்ளத்தில் பெண்கள் ஏறுவதில்லை. மீனைத் தரம் பிரிப்போம், வலையைக் காயப்போடுவோம், வள்ளத்துக்குக் கற்பூரம் காட்டும்போது தள்ளி நின்று கும்பிடுவோம். ஏறுவது மட்டும் கிடையாது. கடற்கரையில் பிறந்து கடற்கரையில் கலியாணம் கட்டிய நான் அதுவரை முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியவள் அல்ல. அத்தான் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு தெற்கே நின்ற புகையைப் பார்த்தார். “சரி, ஏறட்டும். அங்க போன பிறகு மஞ்சள் தண்ணி தெளிப்பம்” என்றார்.

குண்டு விழுந்தது காலையில். அதனால் காலையில் கடலில் இருக்கக் கூடாது, விமானம் வந்தால் மேலிருந்து பளிச்சென்று தெரியும் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். வெயில் ஏறிய பிறகு புறப்பட்டால் பொழுதுபடும் நேரம் போய்விடலாம். அந்த மாதத்தில் பின்னேரம் காட்டுப் பக்கமிருந்து மழையும் காற்றும் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு வானத்தில் எல்லோரும் தேடியது விமானத்தைத்தான், முகிலை அல்ல.

நான் மூட்டை கட்டத் தொடங்கினேன். அரிசி, தேங்காய், தலையணை என்று அம்மி தவிர வீட்டில் இருந்ததெல்லாம். “அம்மி ஏன் மிச்சம்? அதையும் தூக்கிக்கொண்டு வாவன்” என்று இவர், என் கணவர், நக்கலடித்தார். பாரமான அரிசி மூட்டையை மட்டும் பாய்மரத்தடியில் வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் வள்ளத்தின் பின்பக்கத்தில், அவர்களுடைய சாமான் பெட்டிக்கு மேலே அழகாக அடுக்கினேன். எனக்கு அடுக்குவதில் ஒரு பெருமை உண்டு.

அடுத்தது ஏணை. என் மகன் ஏணையில் போட்டு ஆட்டாவிட்டால் தூங்க மாட்டான். தூங்காவிட்டால் அழுவான். அவன் அழுதால் என் மகளும் சேர்ந்து அழுவாள். “இஞ்சேருங்கோ, வள்ளத்தில ஏணை கட்டேலாதோ?” என்று கேட்டேன். கட்டலாமே என்று இவர் உடனே ஒரு நீளக் கோலை எடுத்தார். அதன் ஒரு நுனியைப் பாய்மரத்தில் தலை உயரத்துக்குக் கட்டினார். மற்ற நுனியை, பாயை இறக்கினால் சாத்தி வைக்கிற கவைத்தடியில் கட்டினார். நான் என் பழைய பருத்திச் சேலையை அதில் தொங்கவிட்டு மகனைப் போட்டேன். வள்ளம் ஆடும்போது பிள்ளை வெளியே சரிந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் ஏணையின் நடுவில் ஒரு துண்டைச் சுற்றி இறுக்கி முடிச்சும் போட்டேன். பாயின் நிழல் அப்படியே ஏணையில் விழுந்தது. அதைவிட நல்ல இடம் வள்ளத்தில் இல்லை என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அவருக்குக் கடல் தெரியும். எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியும். கடலில் பிள்ளையை எப்படி வைத்திருப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பெண்ணே ஏறாத வள்ளத்தில் அதை யாரிடம் போய்க் கேட்பது?

வள்ளத்தைத் தள்ளப் போகும் நேரத்தில் பட்டினத்தில் இருந்து நடந்து வந்த கூட்டமொன்று கரையோடு போனது. அதில் ஒரு பெண் மட்டும் நடக்க முடியாமல் தாழம்புதர் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். என்னைவிட இளையவள். மடியில் துணிச்சுருள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் சுருளுக்குள் பிள்ளை இருப்பதைக் கண்டேன். பிறந்து இரண்டு கிழமைகூட ஆகாத பெண்பிள்ளை. அவளுடைய கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை. குண்டு விழுந்த நாளில் போனவன் வீட்டுக்கு வரவில்லை. உயிரோடு இருக்கிறான் என்று ஆள் வந்து சொன்னதாம், ஆனால் வெளியே விடுகிறார்கள் இல்லையாம். அயலட்டைச் சனம் புறப்பட்டபோது இவளும் புறப்பட்டு வந்துவிட்டாள்.

“என்னால இனி ஏலாது அக்கா. அவையள் போகட்டும்” என்றாள். சேலையில் இரத்தம் பட்டிருந்தது.

நான் வந்து அவளையும் ஏற்றச் சொன்னதும் அத்தான் வள்ளத்தில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாள்களில் வீட்டுச் சாமி அறைப்பக்கமே போகக் கூடாது. வள்ளம் எங்களுக்குச் சாமி மாதிரி. நான் ஏறுவதையே மஞ்சள் தண்ணீர்க் கணக்கில்தான் அவர் சகித்திருந்தார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “குண்டு போடுறவன் துடக்குப் பாத்தோ போடுறான் அத்தான்? நீங்கள் ஏத்தாட்டி நானும் இறங்குறன்” என்றேன். அதுவரை அவரோடு நான் அப்படிப் பேசியதே கிடையாது.

அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு அவளிடம், “ஏறுங்கோ தங்கச்சி. ஆனால் நடுவில மட்டும் இருங்கோ. அணியத்துப் பக்கம் போகாதேங்கோ, பாய்மரத்தையும் தொடாதேங்கோ” என்றார். கற்பூரம் காட்டுவது அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில். அவள் தலையாட்டினாள். நடுப்பலகையில், ஏணைக்குப் பக்கத்தில், பாய்மரத்தில் சாயாமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

ஓடத் தொடங்கிய முதல் ஒரு மணித்தியாலம் சொர்க்கம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. என் மகள் கையை விளிம்புக்கு வெளியே போட்டுத் தண்ணீரை அளைந்தாள். மகன் ஏணையில் போட்டதும் தூங்கிவிட்டான். வள்ளமே ஆட்டியதால் எனக்கு வேலையும் மிச்சம். நான் என்னை மெச்சிக்கொண்டேன்.

பிறகு எனக்கு வயிறு புரண்டது. அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. மகளையும் இழுத்துக்கொண்டு முன்பக்கம் போய், விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தேன். தேசிக்காயை மணந்து பார்த்தேன், இஞ்சியை மென்று பார்த்தேன், கடல் இரண்டையும் மதிக்கவில்லை. இடையில் தலையைத் தூக்கியபோது அந்தப் பெண் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, மற்றக் கையால் என் மகனின் ஏணையை மெல்லப் பிடித்திருப்பதைக் கண்டேன். வெயில் அவன் முகத்தில் விழும்போதெல்லாம் ஏணையின் விளிம்பை இழுத்து மூடினாள். துடக்குக் கை என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. புண்ணியவதி, பார்த்துக்கொள் என்றுதான் நினைத்தேன்.

புறாத்தீவைத் தாண்டியபோது காற்று நின்றது. பாய் துவண்டு தொங்கியது. அத்தான் சுக்கானைப் பிடித்தபடி கரைப்பக்கம் பார்த்தார். காட்டுக்கு மேலே வானம் கறுத்திருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தண்ணீரின் நிறம் கரையில் இருந்து எங்களை நோக்கி மாறிக்கொண்டு வந்தது. காற்று பாயில் அறைந்தது. வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பால் தண்ணீர் உள்ளே வந்தது.

“பாயை விடு! பாயை விடு!” என்று அத்தான் கத்தினார்.

பாயை இறக்குவது பெரிய வேலை இல்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டால் போதும், பாயும் அதைத் தாங்கும் பாரமான கம்பும் மளமளவென்று கீழே வந்து விழும். கணவர் கயிற்றை அவிழ்த்தார். ஆனால் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. கம்பு வந்து விழும் இடத்தில் என் பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தான்.

விட்டால் பிள்ளை நசுங்கும். விடாவிட்டால் வள்ளம் கவிழும். கவிழ்ந்தால் நீந்தத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

“பிள்ளையை எடு! பிள்ளையை எடு!” என்று இவர் அலறினார். யாரைப் பார்த்து அலறினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் முன்பக்கத்தில், ஒரு கையில் மகள், மறு கையில் பலகை. மகள் தண்ணீரை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தாள். கையை எடுத்தால் அவள் போய்விடுவாள். அத்தான் சுக்கானை விட்டால் வள்ளம் அந்த இடத்திலேயே புரளும். அவர்களுடைய கத்தி சாமான் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்கு மேலேதான் நான் அழகாக அடுக்கிய மூட்டைகள்.

அந்தப் பெண் எழுந்தாள். தன் பிள்ளையைத் துணியோடு வள்ளத்தின் அடியில், அரிசி மூட்டைக்கும் பாய்மரத்துக்கும் நடுவில் வைத்தாள். அங்கே ஏற்கனவே தண்ணீர் நின்றது. பிறகு தொடாதே என்று சொன்ன பாய்மரத்தைக் கட்டிப் பிடித்து நிமிர்ந்தாள். ஏணையின் நடுவில் நான் போட்ட முடிச்சில் விரலை வைத்துப் பார்த்தாள். கடல் தண்ணீர் பட்டுப் பட்டு அது கல்லாகியிருந்தது. அதை விட்டுவிட்டு இடுப்பில் கையை விட்டாள். சின்னக் குசினிக் கத்தியொன்று வந்தது.

பிள்ளை பெற்றவள் துடக்குக் கழியும்வரை இரும்பைக் கையோடு வைத்திருப்பாள். பேய் பிசாசு அண்டாது என்று நம்பிக்கை. பட்டினத்தில் இருந்து வரும்போது தண்ணீரையும் சோற்றையும் மறந்து வந்தவள் அதை மட்டும் மறக்காமல் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள்.

தோளை ஏணைக்குக் கீழே கொடுத்து, மேலே சேலையை அறுத்தாள். பிள்ளை பொதியாக அவள் மேல் விழுந்தான். அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். இவர் கயிற்றை விட்டார். கம்பு கோலை முறித்துக்கொண்டு விழுந்தது. பாய் எல்லோரையும் மூடியது.

வள்ளம் நிமிர்ந்துவிட்டது. மழை கொட்டியது. பாய்க்குக் கீழிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. அது என் மகனின் குரல். தாய்க்குத் தெரியாதா? மற்றக் குரல் கேட்கவில்லை.

என் பிள்ளை அழுகிறான் என்ற சந்தோசமும், அடுத்த பிள்ளை அழவில்லையே என்ற பயமும் ஒரே நேரத்தில் வந்தன. நனைந்த பாய் என்ன பாரம் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். கணவர் அதைப் பிய்ப்பதுபோல் இழுத்தார். அந்தப் பெண் முதலில் வெளிப்பட்டாள். நெற்றியில் காயம், கையில் என் மகன். அவனை என் பக்கம் நீட்டிக்கொண்டே, “அடியில பாருங்கோ, அடியில பாருங்கோ” என்றாள்.

இவர் குனிந்து துணிச்சுருளை எடுத்தார். அரிசி மூட்டை பாயைத் தாங்கிக்கொண்டதால் கம்பும் படவில்லை, பாயும் அமுக்கவில்லை. தண்ணீர் காதுவரை வந்திருந்தது, வாய்க்கு வரவில்லை. ஆனால் பிள்ளை கண்ணை விழித்தபடி சத்தமில்லாமல் இருந்தது. இவர் அதன் உள்ளங்காலில் விரலால் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினார். அது வாயைக் கோணி, மூச்சை இழுத்து, எங்கள் எல்லோரையும் ஏசுவதுபோல் வீரிட்டுக் கத்தியது. சுக்கானைப் பிடித்திருந்த அத்தான் விம்மி விம்மி அழுதார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அழுது நான் கண்டதில்லை.

மழை விட்டதும் துடுப்பை எடுத்துத் தண்டு வலித்துக்கொண்டு போனார்கள். நனையாமல் இருந்தது பிஸ்கட் டின்னுக்குள் நான் போட்டு வைத்த பிள்ளைத் துணிகள் மட்டும்தான். அவற்றை இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு போட்டோம். அவள் பச்சைப்பிள்ளையைச் சேலைக்குள், உடம்போடு உடம்பாக வைத்துச் சூடேற்றினாள். அத்தான் அணியத்தில் மடித்து வைத்திருந்த வலையை எடுத்துப் பாய்மரத்தடியில் விரித்து, “இதில சாய்ஞ்சிருங்கோ தங்கச்சி, இஞ்சதான் ஆட்டம் குறைவு” என்றார். பொழுது சாயும்போது குச்சவெளியில் இறங்கினோம். பச்சைப்பிள்ளையைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போனது இவர். அடுத்த நாள் அத்தான் வள்ளத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்தான். கடலுக்குப் போகிறவர், அவருக்கு அது வேண்டும். தெளித்து முடித்ததும் அந்தப் பெண்ணுக்கென்று ஒரு சுறாக்குஞ்சு வாங்கி வந்து, பால் சுரக்க, மிளகு சீரகம் மல்லி அரைத்த சரக்குத் தூளில் கறி வைத்துக் கொடுக்கும்படி தன் மனைவியிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் வள்ளம் இன்னும் பல குடும்பங்களை ஏற்றி இறக்கியது. பிள்ளைகள் வரும் நாள்களில் நானும் கூடவே போனேன். வயிற்றுப் புரட்டல் இரண்டு மூன்று பயணத்தோடு என்னை விட்டுப் போய்விட்டது. எங்கள் வள்ளத்தில் எதுவும் தொங்காது. குழந்தைகள் எல்லோரும் அடியில், பாய்மரத்தடியில், மடித்த வலைக்கு மேல். ஓடித் திரியும் வயதுப் பிள்ளைகளுக்கு இடுப்பில் கயிறு கட்டிப் பலகையோடு பிணைப்போம், ஒரு இழுவையில் அவிழ்கிற முடிச்சு, அதுவும் நான் இழுத்துப் பார்த்த பிறகுதான். பசியோடும் ஏற்ற மாட்டேன், வயிறு முட்டவும் ஏற்ற மாட்டேன். தலையணை கொண்டுவந்தால் சண்டை பிடிப்பேன். கத்தி அத்தானின் இடுப்பில் இருக்கும். விமானம் வந்தாலும் வரட்டும் என்று விடியலிலேயே புறப்பட்டு, மழை கறுக்கும் முன் கரைக்கு வந்துவிடுவோம். “இவ ஏறினால் வள்ளம் பள்ளிக்கூடம்” என்று இவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

அந்தப் பெண் குச்சவெளியில் எங்களோடு சில கிழமைகள் இருந்தாள். ஒருநாள் குசினியில் இருவரும் தனியாக இருந்தபோது, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“உங்கட பிள்ளையைத் தண்ணிக்குள்ள வைச்சிட்டு என்ர பிள்ளையைப் பிடிச்சனீங்கள். எப்பிடி மனம் வந்தது தங்கச்சி?”

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. “என்ர பிள்ளை கீழ கிடந்தது. உங்கட பிள்ளை மேல தொங்கினது. மேல தொங்கிறதைத்தானே அக்கா முதல் பிடிக்கவேணும்?” என்றாள். பால் பொங்கினால் அடுப்பைத் தணிக்க வேண்டும் என்பதுபோல் சொன்னாள். பிறகு தேங்காய்ப்பூவை ஒதுக்கிவிட்டு அழுதாள், நானும் அழுதேன்.

அவளுடைய கணவன் ஒருநாள் புழுதியும் தாடியுமாக நடந்தே வந்து சேர்ந்தான். தாயையும் பிள்ளையையும் வெருகல் பக்கம், அவள் பிறந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். யுத்தம் முடிந்த பிறகு இரண்டு தரம் ஆள் அனுப்பி விசாரித்தோம். அவர்கள் வேறெங்கோ போய்விட்டார்கள் என்று சொன்னார்கள்.

என் மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் நான் என்னையே ஒன்று கேட்பேன். அன்று ஏணையில் தொங்கியது அவளுடைய பிள்ளையாகவும், என் மடியில் இருந்தது என் பிள்ளையாகவும் இருந்திருந்தால், என் பிள்ளையை அந்தத் தண்ணீரில் வைத்துவிட்டு நான் எழுந்திருப்பேனா? இத்தனை வருடமாகக் கேட்டுப் பார்க்கிறேன், ஓம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.